அரக்கனைப் படைத்த பட்டறை

'பான்ஸ் லேபிரிந்த்' (2006) என்ற ஸ்பானிய மொழி மாயப்படத்தை நம் திரைப்படச் சங்க அரங்கில் பலமுறை பார்த்த உறுப்பினர்களுக்குக் கதை சொல்லத் தேவையில்லை. அதை ஈன்ற பள்ளிகளையும், அவை வைத்துப்போன தரத்தையும் பற்றியே எழுதுகிறேன்.

இரண்டு பள்ளிகளை எல்லோரும் ஒப்புவார்கள். முதலாவது விக்டர் எரிசே வகுத்த வழி. அவருடைய 'தேன்கூட்டின் ஆவி' 1973இல், சர்வாதிகாரி ஃபிராங்கோ உயிரோடிருந்தபோதே வெளிவந்தது. உள்நாட்டுப் போர் ஓய்ந்த காலத்துக் கஸ்தீலியக் கிராமத்தில், பிராங்கன்ஸ்டைன் படம் பார்த்த சிறுமி அந்தப் பூதத்தைத் தேடிப் போகிறாள். தணிக்கையை மீறிச் சொல்ல முடியாததை அவள் விழிகள் சொல்லிவிட்டன. 'பான்ஸ் லேபிரிந்த்' படத்தில் 1944ஆம் ஆண்டுக் காட்டில் திரியும் சிறுமி ஒஃபேலியா அவளுக்குத் தங்கை முறை. இரண்டாவது மெக்சிகோப் பள்ளி. ஃபெர்னாந்தோ மெந்தேஸின் 'எல் வாம்பிரோ' (1957) தொடங்கி, கார்லோஸ் என்ரிகே தபோவாதாவின் பேய்ப்படங்கள் வரை அதன் கிளைகள் நாம் அறிந்தவையே.

மூன்றாவதாக ஒரு பள்ளி உண்டென்று கடைசிவரை வாதாடியவர், நம் சங்கத்தில் ஒப்பனை வகுப்பு நடத்திய ஆசிரியர். அவர் சொன்னது ஒப்பனைப் பட்டறையை. நாடக ஒப்பனையில் கைபழகியவர் அவர், அரங்கில் விளக்கு எரிந்ததும் முதலில் கேட்பது, "அந்த உருவம் நடிகர் முன்னால் நின்றதா, இல்லையா?" என்றுதான். அவரிடம் பயின்ற எங்களுக்கு இன்றும் அதுவே உரைகல்.

அந்த உரைகல்லில் உரைத்தால் 'பான்ஸ் லேபிரிந்த்' இயக்குநர் டெல் தோரோ மாற்றுக் குறையாத தங்கம். 'எக்ஸார்சிஸ்ட்' படத்துக்கு ஒப்பனை செய்த டிக் ஸ்மித்திடம் பாடம் கேட்டவர். குவாதலஹாராவில் நெக்ரோபியா என்ற சொந்தப் பட்டறை நடத்தியவர். படத்தின் ஆட்டுக்கொம்பு வனதேவனை உருவாக்கியது பார்சிலோனாவின் டி.டி.டி. பட்டறை. டேவிட் மார்த்தியும் மோன்சே ரிபேயும் அதற்கு ஆஸ்கர் பெற்றார்கள். அந்த வேடத்தின் உள்ளே இருந்த நடிகர் டக் ஜோன்ஸுக்கு ஸ்பானிஷ் தெரியாது. மணிக்கணக்கில் ஒப்பனைக்கு உட்கார்ந்தபின், மனப்பாடம் செய்த வசனத்தைப் பேசினார். குரல் பிறகு வேறொருவருடையதாக மாறியது. உள்ளங்கையில் கண் வைத்த வெளிறிய மனிதனும் அவரே. அந்த முகமூடியின் மூக்குத் துளைகள் வழியாகத்தான் அவருக்குப் பார்வை. அப்படி நிஜமாக எதிரே நின்ற உருவத்தைப் பார்த்துத்தான் ஒஃபேலியாவாக வந்த சிறுமி இவானா பாகெரோ நடித்தாள்.

கணினியும் படத்தில் உண்டு. குட்டித் தேவதைகள் அதில் பிறந்தவை. வனதேவனின் கால்களுக்காக ஜோன்ஸின் சொந்தக் கால்களை அழித்ததும் அதுவே. கை செய்ததற்குத் துணை நிற்பதுதான் அங்கே கணினியின் வேலை. ஒளிப்பதிவு, கலை இயக்கம், ஒப்பனை என்று மூன்று ஆஸ்கர்களும் கைத்தொழிலுக்கே கிடைத்தன என்பதை ஆசிரியர் சொல்லிச் சொல்லி மகிழ்வார்.

படத்தின் செல்வாக்கும் இதே வழியில் சென்றது. டெல் தோரோவின் ஆதரவில் பயோனா எடுத்த 'ஆர்ஃபனேஜ்' (2007), அதே ஜோன்ஸ் நீர்மனிதனாக நின்ற 'ஷேப் ஆஃப் வாட்டர்' (2017), முசோலினி காலத்து இத்தாலியில் பொம்மைகளைக் கையால் நகர்த்தி எடுத்த 'பினோக்கியோ' (2022) எல்லாம் ஒரே குலம்.

இன்று நடப்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. யாரையும் சுட்டிச் சொல்லவில்லை. அவரவர்க்கு என்ன நெருக்கடியோ. ஆனால் நடிகர் முன்னால் குச்சியில் பந்தைக் கட்டிவிட்டு, "இதுதான் பூதம், பயப்படு" என்றால் பயம் எங்கிருந்து வரும்? பச்சைத் திரையின் முன் நின்றவருக்குக் காட்டின் ஈரம் எப்படித் தெரியும்? இது படமெடுப்பவரோடு நிற்கவில்லை. பார்ப்பவர் கண்ணும் பழுதாகிவிட்டது. கைப்பேசியில் வேகம் கூட்டிப் பார்க்கிறார்கள். பட்டறைக்காரர்களின் பெயர் திரையில் ஓடும்போது செருப்பைத் தேடுகிறார்கள், நம் அரங்கிலும்தான். கையை மதிக்காத சமூகம் தச்சரையும் கொல்லரையும் இழந்ததுபோல் கலையையும் இழக்கும்; பிறகு குழந்தைகளுக்குச் சொல்லக் கதைகூட மிஞ்சாது.

ஆசிரியரோடு நின்றுபோன ஒப்பனை வகுப்பைச் சங்கம் மறுபடி தொடங்க வேண்டும். படம் பேச வருகிற ஒவ்வொரு இளைஞரும் ஒரு முகமூடியாவது தன் கையால் செய்துவிட்டு வரட்டும். விமரிசனத்தை அதற்குப் பிறகு கேட்போம்.