கருவியும் கடலோரக் குழந்தையும்: தொடக்கக் கல்வித் தொழில்நுட்பம் குறித்த மதிப்பீடு

முத்துக்குளித்துறைக்குக் கற்பித்தல் தொழில்நுட்பம் புதிதன்று. இக்கரையோர மக்களிடையே பணியாற்றிய அண்டிரிக் அடிகளாரின் மொழிபெயர்ப்பான ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. அந்நூலும் கற்பிப்போரின் சமய நோக்கத்தையே தாங்கியது. ஆயினும், அச்சுக்கு முன்னரே அவர் தமிழைக் கற்று, அதற்கு இலக்கணமும் வரைந்திருந்தார். மொழியறிவு முந்தியது; கருவி பிந்தியது.

இன்றைய தொடக்கக் கல்வியில் இவ்வரிசை பேணப்படுகிறதா என்பது ஆய்வுக்குரியது. 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும், 2022இல் அறிமுகமான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் செயலிவழி மதிப்பீடும் மாநிலம் முழுமைக்கும் பொதுவானவை. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது கல்வித் தொலைக்காட்சி ஆற்றிய பணி மறுக்கத்தக்கதன்று. எனினும், பொதுமை ஒருவழிப்பட்டதாகும்போது வட்டாரச் சொல்வளம் விடுபடுகிறது. ‘பார்’ என்பது பொதுவழக்கில் உலகையோ காணுதலையோ குறிக்கும். இக்கடற்கரை வழக்கிலோ முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டையும் குறிக்கும். குழந்தை அறிந்த பொருள் விடையாக ஏற்கப்படாவிடின், அவ்வறிவு அறியாமையாகவே பதிவாகும்.

புலனக் குழு இருவழித் தொடர்புக்கு இடந்தருவது. அதனை வீட்டுப்பாடம் அனுப்பும் வாயிலாக மட்டும் கொள்வது குறையே. மீனவ முதியோர் கூறும் காற்றுப் பெயர்களையும் மீன் பெயர்களையும் குரற்பதிவாக வகுப்பறைக்குக் கொணர அதனால் இயலும். குழந்தைகளின் பெயரும் முகமும் பொதுவெளிக்குச் செல்லாதவாறு காத்தல் இதற்கு முன்நிபந்தனையாகும்.

ஒரு கருவி எத்தனை பள்ளிகளை எட்டியது என்பது மட்டும் அதன் தரத்தைக் காட்டாது; குழந்தையிடமிருந்து அது எதனைக் கேட்டறிந்தது என்பதும் அளவுகோலாதல் வேண்டும்.