செரியாப் போயிரும்

எங்க சோமனூர்ப் பக்கம் மாதவிடாய் வலிக்கு மூன்று ஆறுதல்கள் உண்டு. வயசுக்கு வந்த பிள்ளைக்கு, "கண்ணாலம் ஆனா செரியாப் போயிரும் கண்ணு." கட்டிக்கொடுத்தவளுக்கு, "ஒரு கொழந்த பொறந்தா செரியாப் போயிரும்." அதற்கும் அடங்காவிட்டால், "பையெ எடுத்துட்டா செரியாப் போயிரும்." முதல் இரண்டையும் நானே வாங்கியிருக்கிறேன். எண்டோமெட்ரியோசிஸ் என்ற பெயர் என் ஃபைலில் ஏற ஒன்பது வருசம் ஆனது.

கருப்பையின் உட்சுவரைப் போன்ற திசு அதற்கு வெளியே, சினைப்பையிலும் குடல்மீதும் வளர்வதுதான் இந்நோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. கட்டுக்குள் வைக்கலாம். முற்றாகத் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை.

ஹிலாரி மேன்டலின் 'கிவிங் அப் தி கோஸ்ட்' (2003) நினைவுக்குறிப்பை நான் வாசித்தது அந்த மூன்றாவது ஆறுதலுக்கு எதிராகத்தான். இளவயதில் அவர் வலி என்று போனபோது கிடைத்தவை மனநோய் மாத்திரைகள். போட்ஸ்வானாவில் வாழ்ந்த காலத்தில் ஒரு மருத்துவப் பாடநூலைப் புரட்டித் தன் நோயைத் தானே கண்டுபிடித்தார். 27 வயதில் லண்டனில் அறுவை சிகிச்சை. கருப்பையும் சினைப்பைகளும் போயின.

இந்தத் துப்பறியும் பகுதிதான் பலருக்கும் பிடிக்கும். கோடில் பிழை எந்த வரியில் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது என்று நம்பும் என் போன்றவர்களுக்கு இன்னும் பிடிக்கும். ஆனால் புத்தகத்தின் பலம் அதற்குப் பிறகுதான் இருக்கிறது. எடுத்த பிறகும் நோய் திரும்புகிறது. மருந்தில் உடம்பு பெருத்து, உடுப்பின் அளவு மாறிக்கொண்டே போகிறது. பிறக்காத மகளுக்கு கேட்ரியோனா என்று பெயர் இருக்கிறது. ஆவி என்ற உருவகம் சில இடங்களில் அழகாகி, வலியை மங்கவைப்பதாக எனக்குப் பட்டது. உடுப்பு அளவைப் பற்றிய வெறும் வாக்கியங்களில் அந்தச் சிக்கல் இல்லை. அங்கே எதுவும் செரியாப் போகவில்லை, வாழ்க்கை மட்டும் நடக்கிறது.

இதை அப்படியே எங்க ஊருக்குப் பொருத்த முடியாது. மேன்டலுக்குப் பாடநூல் கிடைத்தது. தமிழ்நாட்டின் ஆயத்த ஆடைத் தொழிலாளிகள் சுமார் 100 பேரிடம் பேசி, 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிடாய் வலி என்று சொன்னால் வேலையிடத்தில் அவர்கள் கைக்கு வந்தது பெயர் ஒட்டாத மாத்திரை. விழுங்குவது என்னவென்றே தெரியாதவள் எந்தப் பாடநூலைத் திறப்பாள்?

அதனால் இந்தப் புத்தகத்தை "வலியை வென்ற எழுத்தாளர்" கதையாகப் பரிந்துரைக்க மனசில்லை. அவர் வெல்லவில்லை, வலியோடு எழுதினார். நானும் தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை, அவ்வப்போது ஸ்கேன், முடியாத நாளில் வீட்டிலிருந்தே வேலை என்று ஓட்டுகிறேன். ஊரில் அடுத்து ஒரு பிள்ளை வயித்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "எப்ப இருந்து வலிக்குது கண்ணு, எங்கெங்க வலிக்குது?" என்று கேட்டு, பதிலைத் தேதி போட்டு எழுதிவைத்து, டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.