மெயில் பார்க்கிறார்களா, வாசிக்கிறார்களா?

லேப்டாப் ஆர்கெஸ்ட்ரா ஒன்றின் காணொளியை ராத்திரி பதினோரு மணிக்கு அறை நண்பனிடம் காட்டினேன். மேடையில் பத்துப் பதினைந்து பேர் தரையில் திண்டு போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கொரு லேப்டாப். பக்கத்தில் கவிழ்த்துவைத்த சட்டி மாதிரி ஒரு ஸ்பீக்கர். முன்னால் ஒருவர் நின்று கையசைக்கிறார். நண்பன் அரை நிமிஷம் பார்த்தான். "என்னடா, எல்லாரும் உக்காந்து மெயில் பாத்துட்டிருக்காங்களா?"

கிண்டல்தான். ஆனால் லேப்டாப்போடு மேடையேறும் ஒவ்வொருவரும் பதில் சொல்லியாக வேண்டிய கிண்டல். வயலின்காரர் வில்லை இழுக்கும்போது கையும் ஒலியும் சேர்ந்தே தெரிகின்றன. விரல் பிசகினால், சங்கீதம் தெரியாத நமக்கே முகம் சுளிக்கிறது. லேப்டாப்பில் ஒரு பட்டனைத் தட்டிவிட்டால் ஒரு மணி நேரக் கச்சேரி தானாக ஓடிவிடலாம். அப்புறம் அந்த ஆள் அங்கே எதற்கு?

கணினிகளைக் கூட்டிவைத்து வாசிப்பது புதிது இல்லை. 1978 வாக்கில் கலிஃபோர்னியாவில் ஜிம் ஹார்ட்டன், ஜான் பிஷாஃப், ரிச் கோல்ட் போன்றவர்கள் கிம்-1 என்ற சின்னப் பலகைக் கணினிகளை ஒயரால் இணைத்து வாசித்தார்கள். அதை "ஆர்கெஸ்ட்ரா" என்று தைரியமாகச் சொல்லும் அளவுக்குப் பெருக்கியது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம். 2005இல் டேன் ட்ரூமனும் பெர்ரி குக்கும் ஆரம்பித்தார்கள். கெ வாங், ஸ்காட் ஸ்மால்வுட் என்ற இரண்டு ஆய்வு மாணவர்கள் கூட நின்றார்கள். சுருக்கப் பெயர் ப்ளார்க். வாசித்தவர்களில் நிறையப் பேர் இளங்கலை மாணவர்கள்.

இதில் ட்ரூமன் ஒரு ஃபிடில்காரர் என்பது முக்கியம். தாடைக்குக் கீழே மரம் அதிர்வதைப் பழகிய உடம்பு. சாதாரண மின்னிசைக் கச்சேரியில் எல்லோருடைய ஒலியும் மிக்ஸருக்குப் போய், மேடையின் இரு ஓரத்திலும் இருக்கும் பெரிய ஸ்பீக்கர்கள் வழியாக வெளியே வருகிறது. பதினைந்து பேர் வாசித்தாலும் ரெண்டே வாய். யார் எதை வாசித்தார் என்பது காதுக்குத் தெரியாது. ப்ளார்க் இதைத்தான் உடைத்தது. ஒவ்வொருவர் பக்கத்திலும் அரைக்கோள வடிவில் ஒரு ஸ்பீக்கர், அதில் ஆறு திசை பார்த்து ஆறு ஒலிவாய்கள். வயலின் எப்படித் தான் இருக்கும் இடத்திலிருந்து நாலா பக்கமும் ஒலிக்கிறதோ அப்படி. கெ வாங் ஸ்டான்ஃபோர்டுக்குப் போய் 2008இல் ஸ்லார்க் என்ற இன்னொரு குழுவைத் தொடங்கியபோது, ஐகியா கடையில் விற்கும் மரச் சாலட் கிண்ணத்தைக் கவிழ்த்து, துளை போட்டு, கார் ஸ்பீக்கர்களைப் பொருத்திக்கொண்டார்கள். மாணவர்களே உட்கார்ந்து செய்தது. லேப்டாப் கடையில் கிடைக்கும். இந்தக் கிண்ணம் கிடைக்காது. என்னைக் கேட்டால், ஆர்கெஸ்ட்ரா என்ற சொல்லுக்கான உரிமையை வாங்கிக் கொடுத்தது அந்தக் கிண்ணம்தான்.

இங்கே ஒரு வாக்குமூலம். இவர்கள் வாசித்து நான் நேரில் கேட்டதில்லை. எல்லாம் இயர்ஃபோனில் கேட்டது. பதினைந்து இடங்களிலிருந்து வர வேண்டிய ஒலி என் ரெண்டு காதுக்குள் நசுங்கிக் கிடந்தது. எதை ஒழிக்க அந்தக் கிண்ணங்களைச் செய்தார்களோ, அதைத்தான் நான் கேட்டேன். ஆகவே இசையின் அழகைப் பற்றி நான் தீர்ப்பு சொன்னால் பாதி பொய். கண்ணுக்குத் தெரிந்ததையும், எழுதிப் பார்த்ததையும் வைத்துத்தான் பேச முடியும்.

எழுதிப் பார்த்தேன், ஆமாம். சக் என்ற நிரல்மொழி இலவசமாகக் கிடைக்கிறது. கெ வாங், குக்கோடு சேர்ந்து பிரின்ஸ்டனில் உருவாக்கியது. ஆங்கிலத்தில் சக் என்றால் தூக்கிப்போடுவது. அந்த மொழியில் எல்லாவற்றையும் ஓர் அம்புக்குறியால் இன்னொன்றுக்குள் தூக்கிப்போடுகிறோம். அலையை ஸ்பீக்கருக்குள் போடலாம், எண்ணை ஒரு பெயருக்குள் போடலாம். காலத்துக்கும் இதே கதைதான். "நௌ" என்று ஒரு சொல் இருக்கிறது. ஒரு வினாடியை எடுத்து அதற்குள் போட்டால்தான் ஒரு வினாடி நகரும். போடாவிட்டால், எத்தனை கட்டளைகள் எழுதினாலும் எல்லாம் ஒரே கணத்துக்குள் நடந்து முடிகின்றன.

இது புரியாமல் நான் முதல் நாளே மாட்டிக்கொண்டேன். சுருதியை மாற்றி மாற்றி ஒலிக்கும்படி ஒரு முடிவில்லாத லூப் எழுதினேன். காலத்தை நகர்த்தும் வரியை மறந்துவிட்டேன். ஓட்டினால் சத்தமே இல்லை. லேப்டாப்பின் ஃபேன் மட்டும் கத்துகிறது. நிரல் உறைந்துபோய், வலுக்கட்டாயமாக மூட வேண்டியதாயிற்று. ஒரே கணத்துக்குள் கோடிக்கணக்கான ஸ்வரங்கள் மாறியிருக்கும், ஒன்றுகூட ஒலிக்கவில்லை. இருநூறு மில்லிவினாடி என்று ஒரு வரி சேர்த்ததும் பிப்-பிப் என்று கேட்டது. கேவலமான சங்கீதம், ஆனால் சந்தோஷமாக இருந்தது. எத்தனையோ வருஷம் பாட்டு கேட்டிருக்கிறேன். காலம் என்பது யாரோ போட்டால்தான் வரும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

சரி, போட்டாயிற்று. மேடையில் அந்தக் காலம் யார் கையில் இருக்கிறது? நிரலை எழுதியவர் கையிலா, உட்கார்ந்து வாசிப்பவர் கையிலா?

கெ வாங்கின் "க்ளிக்ஸ்" என்ற படைப்பை எடுத்துக்கொள்வோம். வாசிப்பவர்கள் செய்வது தட்டச்சு மட்டுமே. விசைப்பலகையின் ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் ஆஸ்கி எண்ணைக்கொண்டு ஒரு சுருதி. பெரிய எழுத்துக்கு ஒன்று, சின்ன எழுத்துக்கு ஒன்று. நடத்துநர் கையசைவில் அடர்த்தியையும் மேல்-கீழ் சுருதி எல்லையையும் மாற்றுகிறார். என் நண்பனின் கிண்டலையே இசையாக்கிவிட்ட மாதிரி இருக்கிறது. மெயில் அடிக்கும் கைதான் வாத்தியக் கை. பார்க்க அவ்வளவு சுவாரசியம். ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. தட்டிய ஒலி தட்டிய நொடியிலேயே வருவதில்லை. எல்லா லேப்டாப்புக்கும் நெட்வொர்க் வழியாக ஒரு பொதுத் துடிப்பு இருக்கிறது. உங்கள் தட்டலை அந்தத் துடிப்பில் கொண்டுபோய் உட்காரவைத்துவிடுகிறது நிரல். முந்தினாலும் பிந்தினாலும் தாளத்தில்தான் விழும். தாளம் தப்பவே முடியாத ஒருவரைத் தாளம் தெரிந்தவர் என்று எப்படிச் சொல்வது? கூட்டமாகச் சேர்ந்து வாசிப்பதன் சிரமமே மற்றவரைக் கேட்டுக்கேட்டு நம்மைச் சரிசெய்வதுதானே? அதை முன்கூட்டியே நிரலுக்குக் குத்தகை விட்டாயிற்று.

ப்ளார்க்கின் ஆரம்ப நாட்களில் அவர்களோடு வாசித்தவர்களில் ஜாகிர் உசேனும் உண்டு. தபலாவில் விரலுக்கும் ஒலிக்கும் நடுவே யாரும் இல்லை. இந்த லேப்டாப்புகளுக்கு நடுவில் அவரை உட்காரவைத்தது தைரியமா, அசட்டுத்தனமா என்று யோசித்திருக்கிறேன். தைரியம் என்றுதான் படுகிறது. எதோடு ஒப்பிடப்படுவோம் என்று தெரிந்தே செய்திருக்கிறார்கள்.

அதே கெ வாங்கின் "ட்வைலைட்" எனக்கு ரொம்பப் பிடித்தது. அதில் கேம்ட்ராக் என்ற கருவி வருகிறது. வீடியோ கேமில் கோல்ஃப் ஆடுவதற்காகச் செய்த பொருள். ஒரு பெட்டியிலிருந்து ரெண்டு நைலான் கயிறுகள் வெளியே வரும். கயிற்றை எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் இழுக்கிறோம் என்பதை அது அளந்து சொல்லும். வாசிப்பவர்கள் தரையிலிருந்து எதையோ உருவி எடுப்பதுபோல மெல்ல இழுத்து மேலே கொண்டுவருகிறார்கள், ஒலியும் கூடவே வருகிறது. கை நடுங்கினால் ஒலி நடுங்கும். அவசரப்பட்டால் அசிங்கமாகும். நண்பனும் இதில் கேள்வி கேட்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தான். இங்கே தப்பு செய்ய இடம் இருக்கிறது. தப்பு செய்ய இடம் இருப்பதால் தப்பு செய்யாதது தெரிகிறது.

ஆனால் கேம்ட்ராக் தயாரிப்பு நின்று வெகுகாலம் ஆகிறது. பழைய பெட்டிகள் உள்ளவரைதான் அந்தக் கை.

இதைவிடச் சோகமானது இன்னொன்று. ஒரு காலத்து மேக்புக்குகளில், லேப்டாப் கீழே விழுகிறதா என்று கவனிக்கும் சென்சார் இருந்தது. விழும்போது ஹார்ட் டிஸ்க்கின் முள்ளை ஒதுக்கிக் காப்பாற்ற வைத்தது. ரெபெக்கா ஃபீப்ரிங், கெ வாங், குக் மூவரும் 2007இல் அதையே வாத்தியமாக்கும் வழியைச் சொன்னார்கள்: லேப்டாப்பைத் தூக்கிச் சாய்த்தால் ஒலி மாறும். விழும் பயத்துக்காக வைத்ததை வாசிக்க எடுத்துக்கொண்ட யோசனை! பிறகு சுழலும் டிஸ்க் போய் எஸ்.எஸ்.டி. வந்தது. காப்பாற்ற முள் இல்லை, சென்சாரையும் எடுத்துவிட்டார்கள். சாய்த்து வாசிக்க எழுதியவற்றைப் புது லேப்டாப்பில் அப்படியே வாசிக்க முடியாது. வயலின் செய்பவர் யாரும் வாத்தியக்காரரைக் கேட்காமல் ஒரு தந்தியை எடுத்துவிடுவதில்லை.

இதைப் படித்த அன்று என் லேப்டாப்பையும் ரெண்டு கையால் தூக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கட்டிலிலிருந்து நண்பன் எட்டிப் பார்த்தான்.

"கீழ போட்டுறாதடா. இன்னும் நாலு இ.எம்.ஐ. இருக்கு."