மேஸ்திரியும் ஆட்களும்: மார்க் ஈ. ஸ்மித்தின் ஆள்மாற்றும் கலை

மார்க் ஈ. ஸ்மித்தைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து நிற்பது ஓர் எண்தான். 1976இல் மான்செஸ்டரை ஒட்டிய பிரெஸ்ட்விச்சில் தொடங்கி, 2018 ஜனவரி 24 அன்று தம் அறுபதாவது வயதில் அவர் இறக்கும்வரை ஓடிய 'தி ஃபால்' குழுவில் 60க்கும் மேற்பட்டவர்கள் வந்து போனார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் ஓராண்டைக்கூட நிறைவு செய்யவில்லை. தொடக்கம் முதல் கடைசிவரை நின்றவர் பாடகரும் பாட்டெழுதியவருமான ஸ்மித் மட்டுமே. இந்த எண்ணைச் சுற்றி ஒரு கோட்பாடும் வளர்ந்துவிட்டது: வாத்தியக்காரர்களை நிம்மதியாக இருக்க விடாமல், பழகியவரை அனுப்பிப் பழகாதவரைக் கொண்டுவந்ததால்தான் நாற்பது ஆண்டுகள் அந்த இசை துருப்பிடிக்கவில்லை என்பது அது. ஸ்மித்தே இதை ஊட்டி வளர்த்தார். தானும் யாரோ ஒரு பாட்டியும் ஒரு மேளமும் இருந்தால் அதுவே தி ஃபால் என்ற பொருளில் அவர் சொன்னது இன்றும் மேற்கோளாகச் சுற்றிவருகிறது. கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் ஆல்பங்களை வரிசையாக எடுத்துவைத்து, எதில் யார் எத்தனை ஆண்டு வாசித்தார்கள் என்று பார்த்தால், கோட்பாடு நிற்பதில்லை.

முதலில் அவருடைய நியாயத்தைப் பார்க்கலாம். சால்ஃபர்டில் 1957இல் பிறந்த ஸ்மித், பிளம்பர் ஒருவரின் மகன். பதினாறு வயதில் பள்ளியை விட்டவர். துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தாவாக வேலை பார்த்தவர். எந்த வாத்தியத்தையும் முறையாக வாசிக்கத் தெரியாது. இசைக் கலைஞர்களின் தற்பெருமை மீது அவருக்குக் கடைசிவரை ஏளனம் இருந்தது. காம்யுவின் நாவலிலிருந்து குழுவுக்குப் பெயர் எடுத்தார். ஆர்தர் மேக்கன், லவ்கிராஃப்ட், விண்டம் லூயிஸ் என்று வாசித்துத் தள்ளினார். ஆனால் குழுவை நடத்தியது வாசகராகவோ கலைஞராகவோ அல்ல, கட்டட வேலைத் தளத்தின் மேஸ்திரியாக. நேரத்துக்கு வா, சொன்னதை வாசி, அலங்காரம் பண்ணாதே. முதல் வெளியீட்டிலேயே 'ரெப்பெட்டிஷன்' என்று ஒரு பாட்டு இருந்தது. ஒரே சுருக்கமான இசைத் துண்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பதுதான் எங்கள் கொள்கை என்பதற்கான அறிவிப்பு அது. அந்தச் சுழற்சியின் மேல், வரி முடிவில் ஒரு 'அ' ஒலியைத் துப்பிவிட்டு, பாதி பேச்சும் பாதி ஏச்சுமாக அவர் குரல் நகரும். இப்படிப்பட்ட இசைக்கு, கிதாரில் வித்தை காட்டத் துடிப்பவர் எதிரிதான். அத்தகையவரை அடக்க வேண்டும் என்ற உணர்வு சரியானதே. கேள்வி, அதற்கு வீட்டுக்கு அனுப்புவதுதான் வழியா என்பது.

திரும்பத் திரும்ப ஒன்றையே வாசிப்பது எளிது என்று நினைப்பவர்கள் ஐந்து நிமிடம் முயன்று பார்க்கலாம். சலிக்காமல், வேகம் கூடாமல், ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே நால்வரும் ஒரே இடத்தில் மூச்சுவிட்டு வாசிக்க ஆண்டுக்கணக்கான பழக்கம் வேண்டும். தி ஃபாலின் புகழ் நிற்கும் தூண்களைப் பாருங்கள். பேஸ் வாசித்த ஸ்டீவ் ஹேன்லியும் கிதார் வாசித்த கிரெய்க் ஸ்கேன்லனும் 1979இல் சேர்ந்தார்கள். மார்க் ரைலி அதற்குச் சற்று முன்னதாகவே. 1980இன் 'க்ரோடெஸ்க்', 1982இன் 'ஹெக்ஸ் என்டக்‌ஷன் ஹவர்', 1985இன் 'திஸ் நேஷன்ஸ் சேவிங் க்ரேஸ்' எல்லாம் ஹேன்லி-ஸ்கேன்லன் என்ற முதுகெலும்பின் மேல் எழுந்தவை. ரைலி 1983இல் வெளியேற்றப்பட்டார். அதே ஆண்டு அமெரிக்காவிலிருந்து வந்த பிரிக்ஸ் ஸ்மித் கிதாரோடு சேர்ந்து இசைக்கு மெட்டும் வெளிச்சமும் கொண்டுவந்தார். ஆனால் அடியில் ஹேன்லியின் பேஸ் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. 1988இல் மைக்கேல் கிளார்க்கின் பாலே நடனத்துக்கு இசை அமைத்தபோதும், 1993இல் 'தி இன்ஃபோடெயின்மென்ட் ஸ்கேன்' பிரிட்டன் பட்டியலில் ஒன்பதாம் இடம் பிடித்தபோதும் அதே ஹேன்லி, அதே ஸ்கேன்லன், 1986 முதல் டிரம்ஸில் சைமன் உல்ஸ்டன்கிராஃப்ட். ஹேன்லி மொத்தம் 19 ஆண்டுகள் இருந்தார். குழுவின் ஒலியில் மிகவும் தனித்தன்மை கொண்டது ஹேன்லியின் வாசிப்புதான் என்று ஸ்மித்தே ஒருமுறை ஒப்புக்கொண்டார். ஆள்மாற்றத்தின் பெருமை பேசுபவர்கள் வசதியாக மறந்துவிடும் வாக்குமூலம் அது.

அதற்காக ஸ்மித் அந்த ஆண்டுகளில் குழுவை அமைதியாக விட்டுவைத்தார் என்று சொல்லவில்லை. 'ஹெக்ஸ்' ஆல்பத்தின் ஒரு பகுதியை ஐஸ்லாந்தில் பதிவுசெய்தார், இன்னொரு பகுதியை ஹிச்சினில் மூடிக்கிடந்த ஒரு சினிமாக் கொட்டகையில். ஒரு டிரம்ஸ் போதாதென்று இரண்டை அடுத்தடுத்து உட்காரவைத்தார். மேடையில் பாட்டின் நடுவே நடந்து போய் கிதார்காரரின் ஆம்ப்ளிஃபையரைத் திருகுவார். டிரம்ஸின் மைக்கைப் பிடுங்கிப் பாடுவார். கசங்கிய தாள்களைப் புரட்டி, ஒத்திகையில் இல்லாத வரிகளைப் படிப்பார். இங்கேதான் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இடைஞ்சல் செய்வது வேறு, ஆளை மாற்றுவது வேறு. பாட்டைத் தூக்கத்திலும் வாசிக்கக்கூடியவருக்குச் செய்யும் இடைஞ்சலிலிருந்து புதிதாக ஏதோ பிறக்கும். அவர் தடுமாறி, தடுமாற்றத்தையே இசையாக்கிக்கொண்டு எழுவார். நேற்று வந்தவருக்கு அதையே செய்தால் வெறும் தடுமாற்றம்தான் மிஞ்சும். ஆக, ஸ்மித்தின் குறும்புகள் பலித்ததற்கு முதலீடு, அவர் மதிக்காத அந்த நீண்டகாலப் பழக்கமே. பழைய ஆட்களை அனுப்பியபோதெல்லாம் அவர் தம் சொந்த முதலைத்தான் செலவழித்தார்.

செலவின் கணக்கும் தெளிவாகவே இருக்கிறது. பதினாறு ஆண்டுகள் வாசித்த ஸ்கேன்லன் 1995இல் வெளியேற்றப்பட்டார். 1998 ஏப்ரலில் நியூயார்க்கின் ப்ரௌனீஸ் அரங்கில் மேடையிலேயே கைகலப்பு. ஹேன்லி போனார், டிரம்ஸ்காரர் கார்ல் பர்ன்ஸ் போனார். குழுவின் கீபோர்ட் கலைஞரைத் தாக்கியதாக ஸ்மித் கைதானார். மூன்றாண்டு கழித்து அநேகமாகப் புது ஆட்களோடு அவசரமாக வந்த 'ஆர் யூ ஆர் மிஸ்ஸிங் வின்னர்' பலவீனமான ஆல்பம் என்று ரசிகர்களே ஒப்புக்கொள்வார்கள். அதில் கிதார் வாசித்த பென் பிரிட்சர்டு நீக்கப்படாமல் நிலைத்தார். அவரைச் சுற்றிக் குழு மெல்ல இறுகியது. 2003இலும் 2005இலும் வந்த ஆல்பங்களில் தி ஃபால் மறுபடி தலைநிமிர்ந்தது. 'ஃபால் ஹெட்ஸ் ரோல்' ஆல்பத்தின் 'ப்ளைன்ட்னெஸ்' பாட்டில் அந்த பேஸ் அடிக்கும் அடியைக் கேட்டவர்கள், பழக்கம் என்ன செய்யும் என்பதற்கு வேறு சான்று கேட்க மாட்டார்கள்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2006இல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே பிரிட்சர்டு உள்பட மூவர் வெளியேறினார்கள். அங்கேயே கிடைத்த அமெரிக்க இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு ஸ்மித் பயணத்தை முடித்தார். அடுத்த ஆண்டு அவர்களோடு ஒரு ஆல்பமும் போட்டார். யார் வாசித்தாலும் அது தி ஃபால்தான் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று கேட்கலாம். பெயர் பிழைத்தது உண்மை, குரலும் பிழைத்தது. ஆனால் 'ரிஃபார்மேஷன் போஸ்ட் டிஎல்சி' என்ற அந்த ஆல்பம், விட்டுப்போனவர்கள் மீதான கசப்பை ஏந்திய, நீளத்தில் தளர்ந்த ஒன்று. பிழைப்பதும் நன்றாக வாழ்வதும் ஒன்றல்லவே. அதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது: பீட்டர் க்ரீன்வே, டேவ் ஸ்பர், கைரன் மெல்லிங் மூவரும் வந்தார்கள், பத்தாண்டுகளுக்கும் மேல் தங்கினார்கள். 2008இன் 'இம்பீரியல் வாக்ஸ் சால்வென்ட்', 2010இன் 'யுவர் ஃப்யூச்சர் அவர் கிளட்டர்' ஆகியவை அவர்கள் வாசித்தவை. ஆட்களை மாற்றியே வாழ்ந்தவர் என்று பேரெடுத்தவரின் கடைசிப் பத்தாண்டு, அநேகமாக ஆளே மாறாத பத்தாண்டு. வயதாகிவிட்டது என்று சிலர் சொல்லலாம். எனக்கென்னவோ, அவருக்கே காலம் தாழ்த்தி உறைத்தது என்றுதான் தோன்றுகிறது.

இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது: இசையை வாத்தியக்காரர்கள்தானே செய்தார்கள், குடித்துவிட்டுக் கத்திய மனிதருக்கு எதற்கு இத்தனை மரியாதை? இதையும் ஏற்க முடியாது. மெட்டுகளும் இசைத் துண்டுகளும் பெரும்பாலும் ஸ்கேன்லன், ஹேன்லி, ரைலி, பிரிக்ஸ் ஆகியோரிடமிருந்துதான் வந்தன. அவர்களுக்குரிய அங்கீகாரம் தாமதமாகவும் குறைவாகவுமே கிடைத்தது. ஆனால் எதை விட்டுவிட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், எந்த அழகான திருப்பத்தைக் கெடுக்க வேண்டும் என்ற தீர்ப்பு ஸ்மித்துடையது. வட இங்கிலாந்தின் கிளப்புகளையும் கிடங்குகளையும் பேய்க்கதைகளையும் ஒரே வாக்கியத்தில் திணித்த எழுத்து அவருடையது. அந்த எழுத்திலும் அழுக்கு உண்டு. 'ஹெக்ஸ்' ஆல்பத்தின் முதல் பாட்டில் கறுப்பர்களைக் குறிக்கும் வசைச்சொல் வருகிறது. அதனால் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தோடு கூடிவந்த ஒப்பந்தம் கைநழுவியது என்று சொல்வதுண்டு. அது பாத்திரத்தின் பேச்சு, ஆசிரியரின் பேச்சல்ல என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். எல்லோரையும் கிண்டலடிக்கும் ஒருவர் அந்தச் சொல்லைத் தேர்ந்ததில் துணிச்சலைவிட அலட்சியமே அதிகம். அந்த அலட்சியமும் ஆட்களை நடத்திய அலட்சியமும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. மேதைமையின் கணக்கில் இரண்டையும் தள்ளுபடி செய்ய வேண்டியதில்லை.

பிபிசியின் ஜான் பீலை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1978 முதல் 2004 வரை தம் நிகழ்ச்சிக்கு 24 முறை தி ஃபாலைப் பதிவு செய்ய அழைத்தவர் அவர். எப்போதும் வேறாக, எப்போதும் அதேயாக இருக்கும் குழு என்று அவர் சொன்னது பிரபலம். 'வேறாக' என்ற பாதிக்கான பெருமை முழுவதும் ஸ்மித்துக்குப் போய்ச் சேர்ந்தது. 'அதேயாக' என்ற பாதியில் பத்தொன்பது ஆண்டு ஹேன்லி வாசித்த நான்கு கம்பிகளுக்குப் பெரிய பங்குண்டு.

ஸ்மித் இல்லாத காலம் இந்த வழக்கில் புதுச் சாட்சியைக் கொண்டுவந்தது. கடைசி மூவரும் இம்பீரியல் வாக்ஸ் என்ற பெயரில் வேறொரு பாடகரோடு தொடர்ந்தார்கள். 2023இல் தி ஃபாலின் முதல் கிதார்காரர் மார்ட்டின் பிரமா, ஹேன்லி சகோதரர்கள், உல்ஸ்டன்கிராஃப்ட், க்ரீன்வே ஆகியோர் ஒன்றுகூடி ஹவுஸ் ஆஃப் ஆல் என்ற குழுவைத் தொடங்கினார்கள். வெவ்வேறு பத்தாண்டுகளில் வெளியேறியவர்களும் வெளியேற்றப்பட்டவர்களும் ஒரே அறையில். கேட்டுப் பார்த்தால் பேஸ் பழைய எடையோடு உருள்கிறது, தாளம் பிசகவில்லை, சுழற்சி சலிக்கவில்லை. ஆம்ப்ளிஃபையரைத் திருக மட்டும் யாரும் எழுந்து வருவதில்லை.