பீப் சத்தமும் பென்சில் ரப்பரும்

ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது, நீளமாகப் பீப் அடிக்கிறது. இந்தப் புகாரோடு மயிலாப்பூரிலோ அடையாறிலோ கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனால், சர்வீஸ் கடை மேசையில் முதலில் வெளியே வருவது பென்சில் ரப்பர். ரேமைக் கழற்றி, அதன் தங்க நிற விளிம்பை நாலு தேய்ப்புத் தேய்த்து, இரண்டு பக்கக் கொக்கியும் விழும்படி அழுத்திச் செருகுவார்கள். பல நேரம் திரை வந்துவிடும்.

இந்தக் கைப்பழக்கத்தை மட்டமாக நினைக்க முடியாது. சாந்தோம், பெசன்ட் நகர் பக்கம் ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். அதே உப்புக்காற்றுதான் ரேம் ஸ்லாட்டுக்குள்ளும் போகிறது. சிப் நன்றாக இருக்கும், தொடுமுனைதான் கெட்டிருக்கும். பீப் ஒலியும் லேசுப்பட்ட உதவியல்ல. 1981இல் வந்த ஐபிஎம் பிசியிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. ஆன் செய்ததும் போர்டிலேயே இருக்கும் தொடக்க நிரலான பயாஸ் ஒவ்வொரு பாகமாகச் சோதிக்கும். திரை வருவதற்கு முன்பே சோதனை தடைப்பட்டால் அதைச் சொல்ல ஸ்பீக்கரை விட்டால் வேறு வழியில்லை.

ஆனால் அந்த ஒலிக்குப் பொதுவான அகராதி கிடையாது. திரை சம்பந்தப்பட்ட கோளாறுக்கு அவார்டு பயாஸ் ஒரு நீளம், இரண்டு குறில் அடிக்கும். ஏஎம்ஐ எட்டுக் குறில் அடிக்கும். ஃபீனிக்ஸ் இடைவெளி விட்டுத் தொகுதி தொகுதியாக அடிக்கும். போர்டில் எந்த பயாஸ் என்று பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது ஆபத்து.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பீப் சொல்வது சோதனை எங்கே நின்றது என்பதை. ஏன் நின்றது என்பதை அல்ல. ஏஎம்டி 2003இலும் இன்டெல் 2008இலும் ரேமை இயக்கும் மெமரி கன்ட்ரோலரைப் பிராசஸருக்குள்ளேயே கொண்டுபோய்விட்டன. இன்று மெமரிக்கான பீப் வந்தால் ரேம், ஸ்லாட், பிராசஸர், சாக்கெட்டில் வளைந்த ஒரு பின் என எதுவும் காரணமாக இருக்கலாம். "ரேம் போச்சு சார், மாத்திடலாம்" என்று உடனே சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பணம் போவது வாடிக்கையாளருக்கு.

ரப்பரிலும் கெடுதல் இருக்கிறது. தங்கப் பூச்சு மிக மெல்லியது. அடியில் நிக்கல், அதற்கும் கீழே செம்பு. தேய்க்கத் தேய்க்கப் பூச்சு கரைந்து, அடுத்த மழைக்காலத்தில் அரிப்பு இன்னும் வேகமாகப் பிடிக்கும். ரப்பர்த் துகள் ஸ்லாட்டில் விழுந்தால் அது தனித் தொல்லை. பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரத்துக்குள்ளும் சைதாப்பேட்டைக்குள்ளும் வந்ததே, அப்படி வெள்ளத்தில் ஊறிச் சேறு படிந்த போர்டுக்கு ரேமை மட்டும் தேய்ப்பது வைத்தியமே அல்ல. முழுதாகக் கழுவி உலர்த்தும்வரை அதற்கு மின்சாரமே கொடுக்கக் கூடாது.

சத்தமே வராத கோளாறும் இருக்கிறது. மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் செத்தால் பீப் எங்கிருந்து வரும்? புதிய போர்டுகள் பலவற்றில் ஸ்பீக்கரே இல்லை; சிலவற்றில் சிபியு, டிரேம், விஜிஏ, பூட் என நாலு சிறு விளக்குகள் எரிகின்றன. அவை பீப்பைவிடத் தெளிவானவை, ஆனால் அவையும் நின்ற இடத்தைத்தான் காட்டும்.

ஆகவே புது ரேமுக்குக் காசு கொடுக்கும் முன் பழையதை அடுத்த ஸ்லாட்டில் ஒரு முறை, அதே வகை ரேம் போடும் வேறொரு போர்டில் ஒரு முறை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ரிச்சி தெருவானாலும் தி.நகர் மாடிக் கடையானாலும், அதற்குப் பத்து நிமிடம் போதும்.