அரை நொடியின் விலை

2011 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலீஸ் லேக்கர்ஸ் கூடைப்பந்து அணியின் ரசிகர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு ஒன்றுதான். நியூ ஆர்லியன்ஸ் ஹார்னெட்ஸின் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர், கிறிஸ் பால் லாஸ் ஏஞ்சலீஸுக்கு வரப்போகிறாராம். விலை? லேக்கர்ஸின் உயர வீரர்கள் பாவ் கசோல், லமார் ஓடம் இருவரும். கசோல் ஏழடி, ஓடம் ஆறடி பத்து அங்குலம். 2009, 2010 கோப்பைகளுக்குத் தோள் கொடுத்தவர்கள். அவர்களை அனுப்பிவிட்டு, முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஆறடிக்காரரை வாங்குவதா என்றது ஒரு கட்சி. நம் பாயிண்ட் கார்டு டெரிக் ஃபிஷருக்கு வயது 37 ஆகிவிட்டது, நட்சத்திரம் கோபி பிரையன்ட் எத்தனை நாள் தானே பந்தைக் கொண்டுவருவார் என்றது மறு கட்சி.

நான் அன்றும் இன்றும் மறு கட்சி. கிறிஸ் பாலிடம் இருந்த ஒரு வித்தை எந்தப் பேரக் கணக்கிலும் ஏறாது.

பிக் அண்ட் ரோல் இந்த ஆட்டத்தின் பாலபாடம். சக வீரர் ஒருவர் வந்து திரைபோல நிற்பார். பந்தோடு வருபவர் அவரை உரசிக்கொண்டு கடப்பார். காவல்காரர் திரையில் மோதிப் பின்தங்குவார். அந்த இடத்தில் பெரும்பாலானோர் பாய்வார்கள். கிறிஸ் பால் அங்கேதான் வேகத்தைக் குறைப்பார். துரத்தி வருபவரைத் தன் முதுகுக்குப் பின்னாலேயே இடுப்பால் அடைத்துவைத்து, பந்தைத் தாழ்வாக இரண்டு முறை தட்டுவார். முன்னால் நிற்கும் உயர வீரர் தவித்துப்போவார். ஓரடி முன்னே வைத்தால், திரை போட்டவர் கூடையை நோக்கி ஓடுகிறார், பந்து அவரிடம் போய்விடும். வைக்காவிட்டால் ஃப்ரீ த்ரோ கோட்டின் வலது முனையிலிருந்து எறிந்துவிடுவார். அது அவருக்கு வீட்டு முற்றம். தேர்ந்த மிருதங்கக்காரர் தீர்மானத்துக்கு முன் கையை நிறுத்துவாரே, சபை மூச்சைப் பிடித்துக்கொள்ளுமே, அப்படி ஒரு அரை நொடி அது.

அந்தப் பொறுமைக்கு எண்ணிலும் சாட்சி உண்டு. 2007-08 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 11.6 அசிஸ்ட் (சக வீரர் கூடையில் போட வழிசெய்யும் பாஸ்), எதிரணியிடம் பறிகொடுத்த பந்துகள் 2.5தான். இத்தனை பந்துகளைப் பிறர் கைக்கு அனுப்புகிறவரிடம் இவ்வளவு சிக்கனத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

லேக்கர்ஸ் ரசிகர்களுக்கு இது கேள்விப்பட்ட செய்தி அல்ல. பேரம் நடந்த அதே 2011இல், ஏப்ரல் 17, பிளேஆஃப் முதல் ஆட்டம், அவர்கள் ஊரிலேயே. ஹார்னெட்ஸின் முக்கிய வீரர் டேவிட் வெஸ்ட் காயத்தால் இல்லை. கிறிஸ் பால் 33 புள்ளிகள், 14 அசிஸ்ட். ஹார்னெட்ஸ் 109-100 என்று ஜெயித்தது. தொடரை இழந்தாலும், அந்த இரவு உயரத்துக்கும் நேரத்துக்கும் நடந்த வழக்கில் நேரம் வென்றது. டிசம்பரில் தராசின் ஒரு தட்டில் கசோலையும் மறு தட்டில் கிறிஸ் பாலையும் வைத்தவர்கள் அந்த இரவை நினைத்திருக்க வேண்டும்.

டிசம்பர் 8ஆம் தேதி பேரம் படிந்தது. ஹூஸ்டனும் அதில் ஒரு பங்காளி. அப்போது ஹார்னெட்ஸுக்கு லீக்கான என்பிஏவே உரிமையாளர். அந்த உரிமையில் லீக்கின் ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் பேரத்தை நிறுத்திவிட்டார். சில நாள் கழித்து கிறிஸ் பால் லாஸ் ஏஞ்சலீஸுக்கே வந்தார், ஆனால் கிளிப்பர்ஸ் அணிக்கு.

லேக்கர்ஸ் ஆடும் அதே அரங்கம், அப்போது ஸ்டேப்பிள்ஸ் சென்டர். அதே வலது முனை, தாழ்வாகத் தட்டிய அதே பந்து, அதே அரை நொடி. திரையை விட்டு ஓடிவந்து அந்தரத்தில் எழும்பியவர் கிளிப்பர்ஸின் பிளேக் கிரிஃபின்.