தலையை விலக்கு, தோளைக் கொடு

2000 ஜனவரி 30. அட்லாண்டாவின் ஜார்ஜியா டோம் அரங்கில், அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் முடிய 6 விநாடிகள்தான் பாக்கி. செயின்ட் லூயிஸ் ராம்ஸ் 23, டென்னசி டைட்டன்ஸ் 16. பந்து ராம்ஸின் 10 யார்டு கோட்டில் இருக்கிறது. ஒரு டச் டவுன் விழுந்தால் ஆட்டம் சமனாக வழி பிறக்கும். டைட்டன்ஸ் குவார்ட்டர்பேக் ஸ்டீவ் மெக்நேர், குறுக்கே வெட்டி ஓடிவந்த கெவின் டைசனிடம் பந்தை வீசுகிறார். டைசன் வாங்கிவிட்டார். ராம்ஸ் லைன்பேக்கர் மைக் ஜோன்ஸோ அந்த நேரத்தில் ஃபிராங்க் வைசெக்கைக் காவல் காத்தபடி எண்ட் ஸோனை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார். போகிற போக்கில் திரும்பிப் பார்த்தவர், சட்டென்று வெட்டித் திரும்பி டைசனின் கால்களைக் கைகளால் வளைத்துப் பிடித்தார். டைசன் விழுந்துகொண்டே பந்தை நீட்டினார். கோட்டை எட்ட ஒரு யார்டு குறைந்தது. ராம்ஸ் சாம்பியன்.

அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் அந்தப் பிடியை இன்றும் ‘தி டேக்கிள்’ என்றே சொல்கிறார்கள். அந்தக் காணொளியை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். இடி போன்ற மோதல் எதுவும் அதில் கிடையாது. ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் உரசவில்லை. கண் ஆளைப் பார்த்தது, கால் சரியான இடத்துக்குப் போனது, கை காலைச் சுற்றிப் பூட்டியது. ஒரு சூப்பர் பவுலை முடித்துவைக்க அவ்வளவு போதுமாக இருந்தது.

பந்தோடு ஓடுபவரைத் தரையில் வீழ்த்துவதுதான் டேக்கிள். அவரை நொறுக்குவது அதன் வேலையல்ல. சொல்லும்போது எளிதாகத் தெரியும் இந்த வேறுபாட்டை அமெரிக்கக் கால்பந்து பல தலைமுறைகளாகக் குழப்பிக்கொண்டிருந்தது. தலைகுப்புறச் சாய்க்கும் மோதல்களைத் தொகுத்துக் கொண்டாட ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சியில் தனிப் பகுதியே இருந்தது. அதைப் பார்த்து வளர்ந்த பையன்கள் மைதானத்தில் அதையே செய்து பார்த்தார்கள்.

அதன் விலை என்னவென்று 2017 டிசம்பர் 4 அன்று சின்சினாட்டியில் நாடே பார்த்தது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் ரயன் ஷேசியருக்கு அப்போது வயது 25. அந்த அணியின் தடுப்பாட்டத்துக்கு அவர்தான் அச்சாணி. எதிரணியான சின்சினாட்டி பெங்கால்ஸின் ரிசீவர் ஜோஷ் மலோன் பந்தைப் பிடித்ததும் பாய்ந்து சென்ற ஷேசியர், கடைசி நொடியில் தலையைக் குனிந்துவிட்டார். ஹெல்மெட்டின் உச்சி போய் மோதியது. மலோன் விழுந்தார், டேக்கிள் கணக்கில் சேர்ந்தது. ஆனால் ஷேசியரின் இடுப்புக்குக் கீழே அசைவில்லை. முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை செய்து, நடப்பதையே மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 2018 வீரர் தேர்வு மேடைக்கு அவர் மெல்ல நடந்துவந்தபோது அரங்கமே எழுந்து நின்றது. விளையாட மட்டும் அவர் திரும்பவே இல்லை. 2020-இல் ஓய்வை அறிவித்தார்.

குனிந்த தலை ஏன் இவ்வளவு ஆபத்து? நிமிர்ந்து நிற்கும்போது நம் கழுத்தெலும்பு லேசாக வளைந்திருக்கும். அடி விழுந்தால் அந்த வளைவும் சுற்றியுள்ள தசைகளும் எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளும் அதைப் பங்கிட்டுத் தாங்கிக்கொள்ளும். தலையைச் சுமார் 30 டிகிரி முன்னால் குனிந்தால் வளைவு மறைந்து கழுத்து நேர்த்தூணாகிவிடும். அந்த நிலையில் உச்சந்தலை எதன்மீதாவது மோதினால் தலை நின்றுவிடும், பின்னால் வரும் உடம்பு நிற்காது. நூறு கிலோ எடையும் முழு வேகமும் நடுவில் மாட்டிக்கொண்ட ஏழு கழுத்தெலும்புகளை நசுக்கும். மண்டை உடையாமல் ஹெல்மெட் பார்த்துக்கொள்ளும். கழுத்துக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

பிலடெல்பியாவைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஜோசப் டார்க் இதை ஆவணங்களோடு நிறுவினார். கழுத்து முறிந்த வீரர்களின் காணொளிகளையும் மருத்துவக் குறிப்புகளையும் தேசிய அளவில் திரட்டி, தலையை ஈட்டியாக்கிப் பாய்வதுதான் காரணம் என்று காட்டினார். பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் அப்படிப் பாய்வது 1976-இல் தடை செய்யப்பட்டது. அந்த ஆண்டு கழுத்து முறிந்து கைகால் முழுவதும் செயலிழந்தவர்கள் 34 பேர். அடுத்த ஆண்டு 18. 1984-இல் 5. புது மருந்தோ புதுக் கருவியோ வரவில்லை. ஒரு விதி மாறியது, பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுத்த முறை மாறியது. விளையாட்டு மருத்துவ வரலாற்றில் இதைவிடப் பெரிய வெற்றிகள் மிகக் குறைவு என்பது என் எண்ணம். தொழில்முறை லீக்கான என்எஃப்எல் மட்டும், தலையைக் குனிந்து மோதினால் 15 யார்டு தண்டனை என்ற பொது விதியை ஷேசியர் காயம்பட்ட பிறகு, 2018-இல்தான் கொண்டுவந்தது. நாற்பது ஆண்டுத் தாமதத்தை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

அப்படியானால் சரியான பிடி எது? சியாட்டில் சீஹாக்ஸின் அன்றைய பயிற்சியாளர் பீட் கேரல் 2014-இல் வெளியிட்ட பயிற்சிக் காணொளி இதற்கு நல்ல பாடநூல். உதவிப் பயிற்சியாளர் ராக்கி செட்டோவும் அவரும், ஹெல்மெட் இல்லாமலே ஆடப்படும் ரக்பியிலிருந்து இந்த முறையை எடுத்துக்கொண்டார்கள். ஓடுபவரின் அருகிலுள்ள இடுப்பில் கண் வைக்க வேண்டும். தோளாலும் கண்ணாலும் அவர் போக்குக் காட்டலாம், இடுப்பு போகும் பக்கம்தான் ஆள் போவார். நெருங்க நெருங்க எட்டுகளைச் சுருக்க வேண்டும், கால் மட்டும் நிற்கக் கூடாது. அவருக்கு அருகிலுள்ள நம் காலை ஊன்றி, அதே பக்கத் தோளை அவர் தொடையில் பதிக்க வேண்டும். கண் மேலே பார்த்தபடி இருக்க வேண்டும். தலை அவர் உடம்புக்குப் பின்பக்கம் ஒதுங்க வேண்டும். இரு கைகளாலும் கால்களைச் சுற்றி இறுக்கிக்கொண்டு, அவர் விழும்வரை கால்களை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். திமிறினால் பிடியை விடாமல் உருள வேண்டும்.

தலை எந்தப் பக்கம் போகிறது என்பதில்தான் பழைய பள்ளியும் புதிய பள்ளியும் பிரிகின்றன. ஓடுபவரின் முன்னால் தலையைக் குறுக்கே போடச் சொன்னார்கள் பழையவர்கள். கை நழுவினாலும் தலை தடுப்புக்கட்டையாக நிற்கும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் அந்தத் தலை நேராக அவரது முழங்காலின் பாதையில் போய் நிற்கிறது. தோளும் கையும் ஒழுங்காக வேலை செய்தால் தலைக்கு அங்கே வேலையே இல்லை என்றார் கேரல். அவர் சொன்னதை அவரது அணியே மெய்ப்பித்தது. 2012 முதல் 2015 வரை தொடர்ந்து நான்கு சீசன்களில் என்எஃப்எல்லிலேயே மிகக் குறைவான புள்ளிகளை விட்டுக்கொடுத்த அணி சீஹாக்ஸ். அதன் நடுவே, 2014 பிப்ரவரியில், டென்வரை 43–8 என்று வீழ்த்திக் கோப்பையையும் எடுத்தது.

இந்த முறைக்கும் குறை உண்டு. தொடையைப் பிடித்தால் ஓடுபவர் முன்பக்கம் சாய்ந்து ஒன்றிரண்டு யார்டு சேர்த்துக்கொள்வார். கோல் கோட்டின் அருகே அந்த ஒரு யார்டு உயிர்போகிற விஷயம். தாழ்வாகப் பிடிக்கும்போது எதிராளியின் முழங்கால் நம் தலையில் படவும் கூடும். தலை சம்பந்தமே படாத டேக்கிளில்கூட விபரீதம் நேரலாம். 2023 ஜனவரி 2 அன்று பஃபலோவின் டமார் ஹாம்லின், மார்பில் பட்ட அடியால் இதயம் நின்று மைதானத்தில் சரிந்தார். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆபத்தே இல்லாத டேக்கிள் என்று ஒன்று கிடையாது. ஆனால் தேவையில்லாத ஆபத்து நிறைய இருக்கிறது, அதை நீக்க முடியும்.

நீக்குவதற்கான வேலை பயிற்சிக் களத்தில் நடக்க வேண்டும். நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் எரிக் ஸ்வார்ட்ஸ், வீரர்களின் ஹெல்மெட்டைக் கழற்றிவைத்துச் சில நிமிட டேக்கிள் பயிற்சி கொடுத்தார். அந்த ஒரே சீசனில் அவர்களின் தலையில் பட்ட அடிகள் 28 சதவீதம் குறைந்தன. நம் கபடி வீரர் தொடையைப் பிடிக்கப் பாயும்போது தலையை எப்படி ஒதுக்குகிறார் என்று பார்த்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. தலையில் கவசம் இல்லாதபோது உடம்பு தானாகவே தலையைக் காக்கிறது.

டார்ட்மத் கல்லூரியின் பட்டி டீவன்ஸ் இன்னும் துணிந்தார். 2010 முதல் தன் வீரர்கள் பயிற்சியில் ஒருவரை ஒருவர் டேக்கிள் செய்யவே கூடாது என்றார். மூட்டைகள் மீதும், பின்னாளில் ஆள் உயரத்தில் தானாக ஓடும் எந்திரப் பொம்மை மீதும் நூற்றுக்கணக்கான முறை பிடித்துப் பழகினார்கள். பலர் சிரித்தார்கள். 2008-இல் ஆடிய 10 ஆட்டங்களிலும் தோற்ற அணி அது. 2015-இல் 9 வெற்றி, ஒரே தோல்வியோடு ஐவி லீக் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. ஆட்டத்தில் நழுவவிடும் டேக்கிள்கள் பாதிக்கும் மேல் குறைந்ததாக டீவன்ஸ் சொன்னார். அடுத்த ஆண்டே, சீசன் நடக்கும்போது பயிற்சியில் முழு டேக்கிள் கிடையாது என்று ஐவி லீக்கின் எட்டு அணிகளும் முடிவெடுத்தன. பொம்மையைப் பிடிக்கும்போது நூறாவது முறையும் முதல் முறையைப் போலவே சுத்தமாகச் செய்யலாம். வலியும் பயமும் உடம்பைத் தப்பு வழிக்குப் பழக்குவதில்லை. வீரமில்லாத பயிற்சி என்று இதைச் சொன்னவர்கள் தவறாகச் சொன்னார்கள்.

கடைசியாக ஹிப் டிராப். பின்னாலிருந்து ஓடுபவரைக் கட்டிக்கொண்டு, இடுப்பைத் திருப்பி, தன் முழு எடையையும் அவர் காலின்மேல் போட்டு உட்காரும் பிடி இது. கணுக்கால் முறுக்கிக்கொள்ளும். 2023 நவம்பரில் பால்டிமோரின் மார்க் ஆண்ட்ரூஸ் இப்படித்தான் காயப்பட்டார். 2024 மார்ச்சில் என்எஃப்எல் இதைத் தடை செய்தபோது வீரர்கள் சங்கம் எதிர்த்தது. வேகமாக ஓடும் எதிராளியைத் துரத்திப் பிடிப்பவருக்கு வேறு வழி என்ன என்பது அவர்கள் கேள்வி. கேள்வியில் நியாயம் உண்டு. ஆனாலும் தடை சரியே. கட்டிப்பிடித்தபின் கால்களை ஓட்டிக்கொண்டே இருப்பவர், அல்லது பக்கவாட்டில் உருள்பவர், எதிராளியின் கணுக்கால்மீது உட்கார நேராது. மைக் ஜோன்ஸுக்கும் அன்று ஒரு நொடிதான் கிடைத்தது.

அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் பள்ளி மாணவர்கள் இந்த ஆட்டத்தை ஆடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கல்லூரி அணிக்குக்கூடப் போகமாட்டார்கள். அவர்களுக்கு ஆள்மீது பாயக் கற்றுக்கொடுக்கும் முன், மூட்டைமீது தோள் வைக்கவும் தலையைப் பின்னால் ஒதுக்கவும் ஒரு முழு சீசன் பழக்குங்கள். ஐவி லீக் கல்லூரிகளால் முடிந்தது ஒவ்வொரு பள்ளியாலும் முடியும். பயிற்சியாளர்களிடம் இதைக் கேட்க வேண்டியவர்கள் பெற்றோர்கள்.